குவியலைத் தொடாத சீட்டு

மணி பதினொன்றே முக்கால். செக்கானூரணி தாண்டி, கருமாத்தூருக்கு முன்னால் ரோடு வெறிச்சென்று கிடக்குமே, அந்த இடம். இரண்டு பக்கமும் மானாவாரிக் காடு. வீடு இல்லை, டீக்கடை இல்லை... ஒரு நாய்கூட இல்லை. அந்த ரோட்டில் ஒரு பைக் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டிப் போனவர் பெயர் கோகுல்நாத். வண்டி அவருடையது இல்லை. பத்து நாளைக்கு முன்னால் அதே ரோட்டில் செத்துப்போனவனுடையது.

என் சிநேகிதன் உமேஷுக்கு அக்கா புருஷன் இந்தக் கோகுல்நாத். வில்லாபுரத்தில் மாடி வீடு, விளக்குத்தூண் பக்கம் சேலைக் கடை. இதை உமேஷ்தான் எனக்குச் சொன்னான். சொல்லும்போது அவன் கையில் டீ கிளாஸ் இருந்தது. சொல்லி முடிக்கிறவரை ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. கொசுவர்த்தியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்கள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

கோகுல்நாத்துக்குச் சீட்டு என்றால் உயிர். ரம்மி இல்லை, போக்கர். ஃபோனில் ஆடிப் பழகியவர். ஃபோன் ஆட்டத்துக்குத் தடை வந்ததும் மனுஷனுக்குக் கை அரித்தது. மச்சினன் உமேஷைக் கூப்பிட்டார். உமேஷ் ஒரு மாட்டுத்தீவனக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவன். அவன் தன்னோடு வேலை பார்த்த செல்வக்குமாரைக் கூட்டி வந்தான். உசிலம்பட்டிக்காரன், முப்பத்தைந்து வயது. ஊர் ஊராகப் பைக்கில் போய்த் தீவனத்துக்கு ஆர்டர் பிடிப்பது அவன் வேலை. குளித்துச் சட்டை மாற்றி வந்தாலும் அவன் விரலில் புண்ணாக்கு வாசம் இருக்கும். மேசையில் உட்கார்ந்தால் அந்த வாசம்தான் முதலில் வரும்.

சனிக்கிழமை ராத்திரி, மொட்டை மாடி ரூமில் ஆட்டம். மூன்றே பேர். காசு கிடையாது, கோட்டு பட்டன்களை வைத்து ஆடுவார்கள். தோற்றவன் அடுத்த வாரம் பரோட்டா வாங்கி வர வேண்டும், அவ்வளவுதான். மேசையில் தமிழில்தான் பேச வேண்டும் என்று ஒரு சட்டமும் போட்டிருந்தார்கள். ஏனென்றால் கோகுல்நாத்தும் உமேஷும் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். செல்வக்குமாருக்கு அதில் ஒரு வார்த்தை தெரியாது. இரண்டு பேர் தங்களுக்குள் ஒரு பாஷையில் பேசிக்கொண்டால் மூன்றாவது ஆள் எப்படி ஆடுவான்? நியாயமான சட்டம்தான்.

இன்னொரு சட்டம் உண்டு. அதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், எல்லாம் அதில்தான் இருக்கிறது. இனி ஜெயிக்க மாட்டோம் என்று தெரிந்தவன் தன் இரண்டு சீட்டையும் கவிழ்த்து நடுவில் எறிந்துவிடுவான். அங்கே ஏற்கனவே கழித்த சீட்டுகள் குவியலாகக் கிடக்கும். எறிந்த சீட்டு அந்தக் குவியலைத் தொட்டுவிட்டால் செத்தது. அப்புறம் ராஜாவே இருந்தாலும் எடுக்கக் கூடாது. தொடவில்லை என்றால் அதற்கு உயிர் இருக்கிறது. எடுத்துத் திருப்பிக் காட்டலாம். ஃபோனில் இந்தத் தகராறே கிடையாது, மெஷின் பார்த்துக்கொள்ளும். வீட்டில் மனுஷன்தானே பார்த்துச் சொல்ல வேண்டும்? தொட்டதா, தொடவில்லையா என்று சொல்கிறவர் கோகுல்நாத். அவர் வீடு, அவர் மேசை, அவர் தீர்ப்பு.

ஆனால் ஆட்டத்தில் கெட்டிக்காரன் செல்வக்குமார்தான். ஏழு வாரமாகப் பரோட்டா வாங்கி வந்தவர் கோகுல்நாத். கடையில் ஆறு பேரை வேலை வாங்குகிற முதலாளி, ஒரு தீவனக்காரனுக்குப் பொட்டலம் பிரித்துவைக்க வேண்டியதாகிவிட்டது. வெளியில் சிரிப்பார். உள்ளே எரியும்.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது... கடைசி ஆட்டம் வரைக்கும். உமேஷ் பாதியிலேயே சீட்டைக் கழித்துவிட்டான். மிச்சம் இரண்டு பேர். நடுவில் பொதுவாக ஐந்து சீட்டு விரித்தாயிற்று, அதில் மூன்று இஸ்பேட். தோற்றுக்கொண்டிருந்த கோகுல்நாத், மிச்சப் பட்டன் இருந்த டப்பாவையே எடுத்து நடுவில் கவிழ்த்தார். ஈடு கொடுக்கச் செல்வக்குமாரிடம் அவ்வளவு பட்டன் இல்லை.

"இல்லேன்னா எந்திரிச்சுப் போ தம்பி. இல்ல, வண்டிச் சாவிய வை" என்றார் கோகுல்நாத்.

செல்வக்குமார் தன் இரண்டு சீட்டையும் மேசையில் டக்... டக்... என்று தட்டினான். அது அவன் பழக்கம். "வண்டிய வச்சா நீங்க என்ன வைப்பீங்கண்ணே?"

"இந்த வீட்டுல எது வேணும்னாலும் எடுத்துக்கடா. நான் வாய் தொறந்து கேக்க மாட்டேன்."

மூன்று பேரும் சிரித்தார்கள். செல்வக்குமார் சாவியை எடுத்துப் பட்டன்களுக்கு மேல் வைத்தான்.

"கலர்டா! அஞ்சும் இஸ்பேட்!" என்று கத்திக்கொண்டே கோகுல்நாத் தன் சீட்டைத் திருப்பினார். ஐந்தும் ஒரே இனமாக வந்தால் கலர். அதைப் பெரிய சீட்டுகள் பலவற்றாலும் அடிக்க முடியாது. செல்வக்குமார் முகம் விழுந்துவிட்டது. தன் சீட்டைக் கவிழ்த்து நடுவில் எறிந்தான்.

எறிந்த கையை எடுக்கவில்லை... அப்போதுதான் பார்த்தான். கோகுல்நாத் காட்டிய இரண்டில் ஒன்றுதான் இஸ்பேட். மற்றது கிளாவர். இரண்டும் கறுப்புத்தானே, குண்டு பல்பு வெளிச்சத்தில் மனுஷன் மாற்றிப் பார்த்துவிட்டார்.

"அண்ணே! அது கிளாவருண்ணே! கலரே இல்ல!"

அதுவரை நடந்தது தப்பு. தப்பு யாருக்கும் வரும். அதற்குப் பிறகு கோகுல்நாத் செய்தது பாவம்.

செல்வக்குமாரின் சீட்டு குவியலைத் தொடவில்லை. ஒரு விரல் அகலம் இடைவெளி விட்டுக் கிடந்தது. அவன் எடுக்கக் கை நீட்டினான். கோகுல்நாத், உற்றுப் பார்க்கிறவர் மாதிரி மேசை மேல் குனிந்தார். குனிந்தபோது அவர் இடது முழங்கை குவியலைத் தள்ளியது. சரக்... குவியல் நகர்ந்து அந்தச் சீட்டின் ஓரத்தில் ஏறியது.

"தொட்டிருச்சு. செத்துப்போச்சு" என்றார்.

உமேஷ் பார்த்துவிட்டான். வாய் பொறுக்காமல் சௌராஷ்டிரத்தில் சொன்னான். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "தொடல அத்தான். நீங்கதான் தள்ளுனீங்க."

கோகுல்நாத்தும் அதே பாஷையில், "பேசாம இரு" என்றார்.

செல்வக்குமார் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "என்ன மாப்ள சொல்ற?" என்று உமேஷைக் கேட்டான். உமேஷ் தலையைக் குனிந்துகொண்டான். என் சிநேகிதன்தான், ஆனாலும் சொல்கிறேன்... அன்றைக்கு அவன் வாயைத் திறந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

சரி, சாவியையாவது திருப்பிக் கொடுத்திருக்கலாம். விளையாட்டுத்தானே என்று சிரித்துக் கொடுத்திருந்தால் முடிந்தது. கோகுல்நாத்துக்கு அவனை ஒரு தடவை கெஞ்ச வைத்துப் பார்க்க ஆசை. "காலைல வந்து கேளு, பாக்கலாம்" என்றார்.

செல்வக்குமார் கெஞ்சுகிற ஆள் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கிவிட்டான். செக்கானூரணி வரைக்கும் ஏதோ ஒரு பஸ் கிடைத்திருக்கிறது. அதற்கு மேல் நடந்திருக்கிறான். கருமாத்தூருக்கு முன்னால்... லாரி. விடிந்த பிறகுதான் பார்த்தார்கள்.

அவன் போனதும் கோகுல்நாத் என்ன செய்தார் தெரியுமா? தனியாக உட்கார்ந்து அந்தக் கவிழ்ந்த சீட்டைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு ஒன்பது. நடுவிலும் ஓர் ஒன்பது இருந்தது. மூன்று ஒன்பது வைத்திருந்திருக்கிறான். கோகுல்நாத்திடம் ஒரு ஜோடிகூட இல்லை. சீட்டைக் கட்டுக்குள் சொருகிவிட்டுக் கீழே வந்து தூங்கினார். நன்றாகத் தூங்கினார் என்று அவரே உமேஷிடம் சொல்லியிருக்கிறார்.

காலையில் உமேஷ் ஃபோனில் அழுதான். கோகுல்நாத் அடக்கத்துக்குப் போகவில்லை. கடையில் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார். பைக் அவர் வீட்டு வாசலுக்குள் நின்றது.

நின்றதா என்றால்... அதுதான் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலையில் வாசலைத் துடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி வசுந்தரா, பைக் ஓரமாகப் போனவள், "ஆ!" என்று காலை இழுத்துக்கொண்டாள். சைலன்சர் சுட்டுவிட்டது. யாருமே எடுக்காத வண்டி. சாவி கோகுல்நாத்தின் பீரோவுக்குள் இருக்கிறது. நாலாம் நாளும் சுட்டது. ஐந்தாம் நாள் டயரில் செம்மண் ஒட்டியிருந்தது. வில்லாபுரத்தில் செம்மண் ஏது?

"யாரு வண்டி இது?" என்று வசுந்தரா கேட்டாள். செல்வக்குமார் விட்டுவிட்டுப் போனது என்று மட்டும் சொன்னார். பந்தயத்தைச் சொல்லவில்லை. அவள் விடவில்லை. "செத்தவங்க வண்டிய வச்சுக்கிட்டு எப்படித் தூங்குறீங்க? சின்னப் பிள்ளை இருக்கிற வீடு. கருமாதிக்குள்ள கொண்டுபோய்க் குடுத்திட்டு வாங்க" என்று தினமும் சொன்னாள். எட்டு வயதில் ஒரே மகள் அவர்களுக்கு, காவ்யஸ்ரீ.

பகலில் போனால் அவன் மனைவி தாமரைச்செல்வி முகத்தில் விழிக்க வேண்டும். ராத்திரியில் போய் வாசலில் நிறுத்திவிட்டுப் பஸ் பிடித்து வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். பத்தாம் நாள் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினார். அப்படித்தான் பதினொன்றே முக்காலுக்கு அந்த ரோட்டில் வந்து சேர்ந்தார்.

காற்று இல்லை. எஞ்சின் சத்தம் மட்டும். கருமாத்தூருக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருக்கும்...

வண்டி பின்னால் அமுங்கியது.

மெதுவாக, ஒரு ஆள் ஏறி உட்கார்ந்தால் எப்படி அமுங்குமோ அப்படி. பின் சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங் கிறீச்... என்றது. அப்புறம் வாசம் வந்தது. ஊறின பருத்திக்கொட்டை, புண்ணாக்கு. கோகுல்நாத்தின் பிடரியில் ஈரமாக மூச்சு பட்டது. கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடியில் ரோடு மட்டும் தெரிந்தது, காலியாக.

காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல்.

"தொடல. நீங்கதான் தள்ளுனீங்க."

செல்வக்குமாரின் குரல்தான். ஆனால் சொன்னது சௌராஷ்டிரத்தில். சுத்தமாக, வீட்டுப் பிள்ளை பேசுகிற மாதிரி. உயிரோடு இருந்தபோது ஒரு வார்த்தை புரியாமல் விழித்தவன்... இப்போது எல்லாம் புரிந்துகொண்டு வந்திருக்கிறான்.

கோகுல்நாத்துக்கு ஆக்சிலேட்டரைக் குறைக்கத் தோன்றவில்லை. வேகத்தைக் கூட்டினார். பின்னால் இருந்த பாரம் அசையவில்லை. குரல் இப்போது அவன் ஊர்த் தமிழில் கேட்டது.

"சொல்லுங்கண்ணே. தீர்ப்புச் சொல்றவரு நீங்கதேன. எஞ்சீட்டு குவியலத் தொட்டுச்சா... தொடலயா?"

இந்த மனுஷனின் வீம்பைப் பாருங்கள். பல் கிட்டிக்கொண்டிருக்கிறது, கழுத்தில் பிணத்தின் மூச்சு படுகிறது, அப்போதும் சொன்ன சொல்லை மாற்ற மனசு வரவில்லை. "தொட்டிருச்சுடா" என்றார்.

ஹேண்டில் வலது பக்கம் திரும்பியது. அவர் திருப்பவில்லை. அவர் கைக்கு மேலே இன்னொரு பிடி இருந்தது, ஜில்லென்று. வண்டி நடு ரோட்டைத் தாண்டி எதிர்ப் பக்கம் போனது. தூரத்தில் இரண்டு விளக்கு தெரிந்தது.

"லாரி வருதுண்ணே" என்றது குரல், சாதாரணமாக. "தொட்டுச்சா?"

கோகுல்நாத் ஹேண்டிலை இழுத்தார். பிரேக்கை மிதித்தார். வண்டி நேராக விளக்கைப் பார்த்துப் போனது. ஹாரன் காதைப் பிளந்தது...

"தொடல! தொடலடா! நாந்தான் தள்ளுனேன்! நாந்தான்!"

பிடி விட்டது. வண்டி வெடுக்கென்று இடது பக்கம் வந்து விழுந்தது. லாரி உரசிக்கொண்டு போனது. தார்ப்பாய்க் கயிறு ஒன்று அவர் தோளில் சுளீரென்று அடித்துவிட்டுப் போனது. எஞ்சின் அணைந்துவிட்டது. ரோட்டோரத்தில் காலை ஊன்றி நின்றார். வேட்டி நனைந்திருந்தது. பின்னால் இருந்த பாரம் இறங்கவில்லை.

"அப்ப எஞ்சீட்டு உசுரோடதேன் இருக்கு" என்றது குரல். "ஆட்டம் இன்னும் முடியலண்ணே."

"வண்டிய எடுத்துக்கடா செல்வா. உன் வீட்டுக்குத்தான் கொண்டு போறேன். உன் சம்சாரத்துக்கு என்ன வேணுமோ செய்யுறேன்..."

"வண்டி எம்பந்தயம்ணே. எம்பொருள எனக்கே குடுப்பீகளா? ஜெயிச்சது நானு. நீங்க வச்சத எடுக்க வேணாமா?"

அப்போதுதான் கோகுல்நாத்துக்கு உறைத்தது. தான் என்ன வைத்தோம் என்பது ஞாபகம் வந்துவிட்டது. இந்த வீட்டில் எது வேண்டுமானாலும். வாய் திறந்து கேட்க மாட்டேன்.

பொய் சொன்னால் தன் உயிர் போகும். உண்மையைச் சொன்னால்? அதைத்தான் ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் உரக்கச் சொல்லியாயிற்று.

"திருப்புங்கண்ணே. வீட்டுக்குப் போவம்."

திருப்பினார். வேறு என்ன செய்வார்? வழியெல்லாம் அந்தப் பாரம் கூடவே வந்தது. காளவாசலில் போலீஸ்காரர் கை காட்டினார். "ஹெல்மெட் உங்களுக்கு இருக்கு. பின்னாடி உக்காந்திருக்கவருக்கு எங்க சார்?" என்று கேட்டபடியே டார்ச்சைப் பின் சீட்டில் அடித்தார். டார்ச் அங்கேயே நின்றது. அப்புறம் மெல்லக் கீழே இறங்கியது. "போங்க... போங்க சார்" என்று சொல்லிவிட்டு, அவரே இரண்டு அடி பின்னால் போனார். என்ன பார்த்தார் என்று கோகுல்நாத் கேட்கவில்லை.

வீடு வந்து வண்டியை நிறுத்தினார். பின் சீட் மெதுவாக மேலே எழும்பியது. யாரோ இறங்கினார்கள். கேட் இன்னும் பூட்டித்தான் இருந்தது. ஆனால் உள்ளே, மாடிப்படியில், ரப்பர் செருப்புச் சத்தம் கேட்டது. சளக்... சளக்... சளக்... ஏறுகிற சத்தம். இறங்குகிற சத்தம் வரவேயில்லை.

அன்று ராத்திரி அவர் தூங்கவில்லை. மனைவியும் மகளும் படுத்திருந்த அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர்கள் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். விடிந்தது. இரண்டு பேரும் எழுந்தார்கள். வசுந்தரா பால் காய்ச்சினாள். காவ்யஸ்ரீ பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம் பிடித்துவிட்டுப் போனாள். கோகுல்நாத் பீரோவைப் பார்த்தார், சாமி அறையைப் பார்த்தார், அடுப்படியில் பாத்திரத்தைக்கூட எண்ணினார். ஒன்றும் குறையவில்லை. வெயில் ஏற ஏற அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. பயத்தில் என்னவோ நினைத்துவிட்டோம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஆனால் வண்டியை மறுபடி தொட மாட்டேன் என்றார். உமேஷிடம் நடந்ததைச் சொல்லி, பட்டப்பகலில் உசிலம்பட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். உமேஷ் போனான். தாமரைச்செல்வி சாவியை வாங்கிக்கொண்டாள். அழவில்லை, ஏசவில்லை. ரோட்டை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"வண்டி முன்னாடி வரும், நான் பொறகு வாரேன்னு சொன்னாக. சரியாத்தேன் இருக்கு."

"யாரு சொன்னா?" என்று உமேஷ் கேட்டான். அவள் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டாள். உமேஷ் பஸ்ஸில் திரும்பி வந்தான். அத்தானிடம் அதைச் சொல்லவில்லை. இரண்டாவது தடவையும் வாயை மூடிக்கொண்டான்.

பதின்மூன்றாம் நாள் காலை. வசுந்தரா தோசை சுட்டுக்கொண்டே மகளைச் சாப்பிடக் கூப்பிட்டாள், எப்போதும் போலச் சௌராஷ்டிரத்தில். பிள்ளை வந்து நின்றாள். அம்மாவின் வாயையே பார்த்தாள். வசுந்தரா மறுபடி கூப்பிட்டாள். பிள்ளை திரும்பி, கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் வந்தாள்.

"அண்ணே... இந்தம்மா என்ன சொல்லுது?"

கோகுல்நாத் பேப்பரைக் கீழே போட்டார்.

பிறந்ததிலிருந்து பேசிய பாஷை. முதன்முதலில் அம்மா என்று கூப்பிட்ட பாஷை. அதில் ஒரு வார்த்தைகூட அவளுக்குப் புரியவில்லை. காய்ச்சல் இல்லை. டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், பயந்திருக்கிறாள் என்றார். பாட்டு டீச்சரும் பள்ளிக்கூடத் தோழியும் வந்து பேசிப் பார்த்தார்கள். எல்லோரையும் வேற்று ஆளைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. சாதத்தைத் தொடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் கதவுக்கு நேரே உட்கார்ந்திருந்தாள், வேலைக்குப் போன இடத்தில் சம்பளத்துக்குக் காத்திருக்கிறவர் மாதிரி. கிட்டே போனால் புண்ணாக்கு வாசம் அடித்தது. குளிப்பாட்டிப் பவுடர் போட்டாலும் அடித்தது.

வசுந்தரா தூக்கி மடியில் வைத்துக்கொண்டு தாலாட்டினாள். பிள்ளை மரியாதையாக மடியிலிருந்து இறங்கிக்கொண்டாள். "வேணாம்மா. எனக்கு வீட்டுக்குப் போகணும்" என்றாள். அன்றைக்கு வசுந்தரா அழுத அழுகை தெருமுனை வரைக்கும் கேட்டது.

"இதுதாம்மா வீடு" என்று வசுந்தரா தமிழில் சொன்னாள்.

"இல்ல. உசிலம்பட்டியில."

வசுந்தரா புருஷனைப் பார்த்தாள். "என்னதான் செஞ்சீங்க? சொல்லுங்க, என்ன செஞ்சீங்க?" என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அவர் அவள் கையை விலக்கிவிட்டு வெளியே போய்விட்டார்.

பிள்ளை மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. கண் உள்ளே போய்விட்டது. பதினாறாம் நாள் வேறு வழியில்லாமல் உமேஷின் காரில் ஏற்றினார்கள். அங்கே கொண்டுபோய்த் தாமரைச்செல்வியின் காலில் விழலாம், கேட்டதைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையை மீட்டு வரலாம் என்று கோகுல்நாத் நினைத்தார். செக்கானூரணி தாண்டியதும் பிள்ளை எழுந்து முன் சீட்டைப் பிடித்துக்கொண்டாள். கருமாத்தூருக்கு முன்னால் ஓர் இடத்தில் கண்ணாடி வழியாக வெளியே பார்த்து, "இங்கனதேன்" என்றாள். உமேஷ் காரின் வேகத்தைக் கூட்டினான்.

போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. கருமாதி முடிந்து சொந்தபந்தம் எல்லாம் போய்விட்டது. வாசல் கதவு திறந்து கிடந்தது. பிள்ளையோடு தானும் மூன்று நாள் பட்டினி கிடந்ததில் வசுந்தராவுக்குத் தலை சுற்றியது, காரிலேயே சாய்ந்திருந்தாள். கோகுல்நாத் மட்டும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

பிள்ளை கையை உருவிக்கொண்டாள். செருப்பைச் சுவரோரமாகக் கழற்றி வைத்தாள். தொட்டியில் தண்ணீர் மொண்டு காலைக் கழுவினாள். கட்டுத்தறியில் நின்ற மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்து, ம்மா... என்று கத்தியது. அவள் போகிற போக்கில் அதன் நெற்றியைத் தடவிக் கொடுத்தாள். தெருவில் ஒரு நாயைக் கண்டால்கூட அப்பாவின் பின்னால் ஒளிகிற பிள்ளை.

தாமரைச்செல்வி வாசல் நிலைக்கு வந்தாள். எட்டு வயதுப் பிள்ளையைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். அவள் முகத்தில் துளிகூட ஆச்சரியம் இல்லை.

"ஏங்க... இம்புட்டு நேரமா?" என்றாள். "சோறு ஆறிப்போச்சு. வாங்க."

பிள்ளை தலையைக் குனிந்து உள்ளே போனாள், நிலை இடித்துவிடும் என்று உயரமான ஆள் குனிவாரே, அந்த மாதிரி.

கோகுல்நாத் ஓடிப்போய் நிலையைப் பிடித்தார். "தாமரை... அது எம்புள்ளம்மா!" என்று சொல்ல வாயைத் திறந்தார். உள்ளே இருட்டிலிருந்து செல்வக்குமாரின் குரல் வந்தது.

"வாய் தொறந்து கேக்க மாட்டேன்னீகளேண்ணே."

வாய் திறந்தபடியே நின்றது. சத்தம் வரவில்லை. தாமரைச்செல்வி அவர் முகத்துக்கு முன்னால் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

பின்னால் கார்க் கதவு திறந்தது. வசுந்தரா இறங்கித் தடுமாறி வந்தாள். சாத்திய கதவைப் பார்த்தாள், அவருடைய வெறுங்கையைப் பார்த்தாள்.

"காவ்யா எங்க?"

கோகுல்நாத் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"சீட்டுல வச்சுத் தோத்துட்டேன்."